மைதானத்தின் சாவி யாரிடம்?

முகமது அலி சென்னையில் ரிங்குக்குள் இறங்கியிருக்கிறார் என்று சொன்னால், இன்று கல்லூரியில் படிக்கும் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். 1980 ஜனவரியில் நடந்தது அது. பெரியமேடு நேரு ஸ்டேடியத்தின் நடுவில் மேடை போட்டு, கயிறு கட்டி, தன் பழைய நண்பரும் முன்னாள் உலக சாம்பியனுமான ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். ஸ்டேடியம் கொள்ளாத கூட்டம்.

அப்போது அலிக்கு 38 வயது. முந்தைய ஆண்டுதான் ஓய்வு அறிவித்திருந்தார். எல்லிஸும் அவரும் ஒரே ஊர்க்காரர்கள், அமெரிக்காவின் லூயிவில். 1971-ல் ஹூஸ்டனில் இருவரும் நிஜமாகவே மோதி, அலி ஜெயித்திருந்தார். சென்னையில் நடந்தது அப்படிப்பட்ட மோதல் இல்லை. கொஞ்சம் ஆட்டம், கொஞ்சம் வேடிக்கை. ஆனாலும் மக்கள் பார்க்க வந்தது அலியை, முடிவை அல்ல.

இங்கே ஒரு சின்ன வம்பு. அதே பயணத்தில் டெல்லியில் ராணுவ வீரர் கௌர் சிங்கோடும் அலி ஆடினார். 2023-ல் கௌர் சிங் இறந்தபோது, அலியோடு ரிங்கில் நின்ற ஒரே இந்தியர் என்று பல பத்திரிகைகள் எழுதின. சென்னைக்காரர்கள் கேட்டால் சண்டைக்கு வருவார்கள்! ஏனென்றால் தமிழ்நாட்டு ஹெவிவெயிட் வீரர் ராக்கி பிராஸும் இங்கே அலியோடு கையுறை போட்டு நின்றவர். தலைநகரில் நடந்தால்தான் வரலாறு, மற்ற ஊரில் நடந்தால் செய்தி. இது புதிதா என்ன?

அது இருக்கட்டும். அந்த ஒரு மாலை முடிந்ததும் மேடையைப் பிரித்தார்கள், கயிற்றை அவிழ்த்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் அந்த மைதானத்தில் என்னென்ன நடந்தது, யார் யார் உள்ளே போக முடிந்தது என்று பார்த்தால்தான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

முதலில் அதன் பெயர் கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக அங்கே நடந்த டெஸ்ட்டில் வினு மன்கட் 231, பங்கஜ் ராய் 173. முதல் விக்கெட்டுக்கு 413 ரன். அந்த உலக சாதனை 52 ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2008-ல் தென்னாப்பிரிக்காவின் மெக்கென்சியும் கிரேம் ஸ்மித்தும் வங்கதேசத்துக்கு எதிராக 415 எடுத்தபோதுதான் உடைந்தது. இன்று சென்னை கிரிக்கெட் என்றால் எல்லோருக்கும் சேப்பாக்கம்தான் நினைவுக்கு வரும். 1956-லிருந்து 1965 வரை சென்னையின் டெஸ்ட் மைதானம் பெரியமேடுதான் என்பது வினாடி வினாவில் கேட்கும் கேள்வியாகிவிட்டது.

கிரிக்கெட் சேப்பாக்கத்துக்குத் திரும்பிப் போனது. கால்பந்தும் தடகளமும் மிஞ்சின. 1993-ல் ஸ்டேடியம் புதிதாகக் கட்டப்பட்டது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள். பக்கத்தில் உள்விளையாட்டரங்கம் வந்தது. 2014-லிருந்து சென்னையின் எஃப்சி. 2022-ல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா அந்த உள்ளரங்கில்தான்.

டெல்டாக்காரர்களுக்கு இந்த ஸ்டேடியத்தோடு வேறொரு கணக்கும் உண்டு. 2006 மே 13-ல் கருணாநிதி முதலமைச்சராகப் பதவியேற்றது நேரு ஸ்டேடியத்தில். பதவியேற்ற மேடையிலேயே கையெழுத்துப் போட்ட கோப்புகளில் ஒன்று, கூட்டுறவுச் சங்கங்களில் விவசாயிகள் வாங்கிய கடன் தள்ளுபடி. 6,866 கோடி ரூபாய். அலி நின்ற மைதானத்தில் போட்ட ஒரு கையெழுத்தில் மன்னார்குடியிலும் பாபநாசத்திலும் பலருடைய நகை அடகும் பத்திரமும் மீண்டன. ஒரு விளையாட்டு மைதானம் இப்படியும் பயன்படும்!

சரி, குத்துச்சண்டைக்கு வருவோம்.

வடசென்னைக்கு அலி வந்துதான் குத்துச்சண்டை தெரிய வேண்டும் என்றில்லை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரை பரம்பரையாகப் பிரிந்து ஆடிய ஊர் அது. பரம்பரை என்றால் ரத்த உறவு இல்லை, ஒரு வாத்தியாரின் வழியில் வந்தவர்கள் என்று அர்த்தம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், மீனவர்கள், ரயில்வே ஒர்க் ஷாப் தொழிலாளிகள், ரிக்‌ஷா ஓட்டியவர்கள் மாலையில் கையுறை மாட்டினார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களையும் ஆங்கிலோ இந்தியர்களையும் பார்த்துக் கற்றுக்கொண்டு, அவர்களையே அடித்தார்கள். கித்தேரி முத்துவும் நாட் டெரியும் மோதிய கதையை ராயபுரம் பக்கம் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். 2021-ல் பா.ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வந்த பிறகு மற்ற ஊர்க்காரர்களுக்கும் இது தெரிந்தது.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். சண்டை நடக்கும் இடம் ஒரு தற்காலிகக் கொட்டகை. நிஜத்திலும் பெரும்பாலும் அப்படித்தான். திடலில் மேடை போடுவார்கள், சுற்றித் தகரம் அடிப்பார்கள், டிக்கெட் விற்பார்கள். முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாகக் காசு கொடுத்துக் கூட்டம் பார்த்த ஒரு விளையாட்டுக்கு, இதுதான் எங்கள் வீடு என்று காட்டுவதற்கு நிலையான கட்டடம் ஒன்று கிடையாது. பின்னால் பந்தயம், அடிதடி, போலீஸ் அனுமதி மறுப்பு என்று பொதுச் சண்டைகள் மங்கிப்போனபோது, ஆட்டத்தோடு சேர்ந்து அரங்கும் மறைந்துபோனது. கட்டடம் நின்றிருந்தால் சுவராவது மிஞ்சியிருக்கும். அந்த வழியில் வந்த பிள்ளைகள் ஒலிம்பிக் வரை போனார்கள் என்பது வேறு விஷயம். சென்னையின் தேவராஜன் 1992-ல் பார்சிலோனாவுக்குப் போனார், 1994-ல் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார்.

அதே பகுதியில் இன்னொரு கதையும் உண்டு. ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் கண்ணப்பர் திடல். 2002-ல் சுற்றுவட்டாரத்தில் தெருவோரம் வாழ்ந்த குடும்பங்களை அப்புறப்படுத்தி, அந்தத் திடலில் இருந்த ஒரு மாநகராட்சிக் கட்டடத்தில் வைத்தார்கள். தற்காலிகம் என்று பேச்சு. அந்தத் தற்காலிகம் இருபது ஆண்டுகளைத் தாண்டியது. அங்கே பிறந்த குழந்தைகள் அங்கேயே வளர்ந்து கல்யாணம் செய்துகொண்டார்கள். ஒரு கல்லெறி தூரத்தில் சர்வதேசப் போட்டிக்கு ஃப்ளட்லைட் எரியும்.

இதைச் சொல்வது ஸ்டேடியத்தைத் திட்டுவதற்கு இல்லை. ஒரு மைதானத்தின் பெருமையை நாம் எப்படிக் கணக்கிடுகிறோம் என்று கேட்பதற்காக. அலி வந்தார், மன்கட் அடித்தார் என்று பெரிய நாட்களை எண்ணுகிறோம். வருஷத்தில் மீதி முந்நூற்றுச் சொச்சம் நாட்களுக்குச் சாவி யாரிடம் இருந்தது என்பதை எண்ணுவதில்லை.

லண்டனில் ஒரு கட்டடம் இருந்தது. பிளாக்ஃப்ரையர்ஸ் சாலையில் 1783-ல் கட்டிய வட்ட வடிவத் தேவாலயம், சர்ரி சேப்பல். மூலை இருந்தால் சாத்தான் ஒளிந்துகொள்வான் என்றுதான் வட்டமாகக் கட்டினார்கள் என்று ஒரு கதை. சபை வேறு இடம் போன பிறகு சாமான் போட்டு வைக்கிற கூடமாகத் தேய்ந்து கிடந்தது. 1910-ல் டிக் பர்ஜ் என்ற முன்னாள் குத்துச்சண்டை வீரரும் அவர் மனைவி பெல்லாவும் அதை வாடகைக்கு எடுத்தார்கள். கிடங்கு 'தி ரிங்' ஆனது. சுற்றிலும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. மலிவு டிக்கெட். குளிர்காலத்தில் வீடில்லாதவர்களுக்கு அங்கேயே சூப் ஊற்றினார்கள். 1918-ல் டிக் இறந்த பிறகு பெல்லா தனியாக நடத்தினார். ஆண்கள் மட்டுமே இருந்த தொழிலில் ஒரு பெண் அத்தனை ஆண்டுகள் அரங்கு நடத்தியது லேசான விஷயமில்லை. 1936-ல் அங்கே ஷேக்ஸ்பியர் நாடகம் போட்டார்கள். குத்துச்சண்டை மேடையைச் சுற்றி நாலா பக்கமும் ஜனம், நடுவில் ஐந்தாம் ஹென்றி! 1940-ல் ஜெர்மன் குண்டு விழுந்து அழிந்தது. இப்போது அந்த இடத்தில் கண்ணாடி அலுவலகக் கட்டடம். எதிரே 'தி ரிங்' என்று ஒரு மதுக்கடை மட்டும் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

லாஸ் ஏஞ்சல்ஸில் நேர் எதிர். 1925-ல் திறந்த ஒலிம்பிக் ஆடிட்டோரியத்தில் 1932 ஒலிம்பிக் குத்துச்சண்டை நடந்தது. பிறகு மல்யுத்தம், ரோலர் ஸ்கேட்டிங், எண்பதுகளில் இரைச்சல் இசைக் கச்சேரிகள். 2005-ல் ஒரு கொரிய அமெரிக்கத் திருச்சபை வாங்கியது. அங்கே கோயில் ரிங் ஆனது, இங்கே ரிங் கோயில் ஆனது. பெயர் மாறினாலும் கதவைத் திறந்துவைக்க யாரோ இருந்தார்கள், அதனால் இரண்டும் உயிரோடு இருந்தன.

தஞ்சாவூரில் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் ஆச்சரியமாக இருக்காது. நாயக்கரும் மராட்டியரும் இருந்த அரண்மனைக்குள் இன்று கலைக்கூடம், சரஸ்வதி மகால் நூலகம் எல்லாம் ஒரே வளாகத்தில். ராஜா போன பிறகும் அரண்மனைக்கு வேலை இருந்தது. திலகர் திடலில் ஒரு மாதம் பொதுக்கூட்டம், இன்னொரு மாதம் பொருட்காட்சி.

ஆனால் டெல்டாவின் உண்மையான அரங்கு அரண்மனையும் இல்லை, திடலும் இல்லை. களத்துமேடு.

தமிழில் களம் என்றால் நெல்லடிக்கும் இடம், சண்டை போடும் இடம் இரண்டும்தான். போர் என்றால் வைக்கோல் போரும் யுத்தமும். புறப்பொருள் இலக்கணத்தில் உழவர் களத்தைப் பாட ஒரு துறை, வீரர் களத்தைப் பாட ஒரு துறை என்று ஜோடியாகவே வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் வைக்க விவசாயம் தெரிந்த ஜனத்தால்தான் முடியும். தை, மாசியில் சம்பா அறுத்து அடித்து முடிந்ததும், அதே களத்தில் பையன்கள் சடுகுடு ஆடினார்கள், சிலம்பம் சுற்றினார்கள். கூத்து நடந்தது. கல்யாணப் பந்தி நடந்தது. ஸ்டேடியம் என்ற சொல் ஊருக்குள் வருவதற்கு முன்பே பல வேலைக்கான மைதானம் அங்கே இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். "அந்தக் காலத்துல களம்னா எப்படி இருக்கும் தெரியுமா" என்று உருகுவது சுலபம். களத்தில் கூலி அளந்ததும் உண்டு. எத்தனை மரக்காலுக்கு எத்தனை படி என்ற சண்டையும் அங்கேதான். நாகை மாவட்டம் கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, குடிசைக்குள் வைத்து 44 பேரை எரித்ததற்குப் பின்னால் இருந்தது கூலி நெல் தகராறும் சங்கம் வைத்த கோபமும். (அப்போது அது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது.) களத்தில் உழைக்கலாம், ஆனால் களம் உனக்குச் சொந்தமில்லை என்பதுதான் அன்றைய விதி. எல்லோருக்கும் திறந்த களம் என்று ஒன்று தானாக வந்ததே இல்லை. எங்கே இருந்ததோ, அங்கே யாரோ சண்டை போட்டு வாங்கியிருக்கிறார்கள்.

இப்போது அந்தக் களமும் சுருங்கிவிட்டது. அறுவடை மெஷின் வயலுக்குள் இறங்கி அங்கேயே நெல்லைத் தனியாக்கிக் கொட்டிவிடுகிறது. அடிக்கக் களம் வேண்டாம். காயவைக்கத்தான் வேண்டும்! குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இழுபறி. ஒவ்வொரு மழைக்கும் சென்னை, டெல்லி என்று மனுப் போட்டுத் தளர்வு வாங்க வேண்டியிருக்கிறது. உலர்களம் போதாமல் நெல்லைச் சாலையில் பரப்புகிறார்கள். கும்பகோணம் ரோட்டிலோ திருவாரூர் ரோட்டிலோ அந்தப் பருவத்தில் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் வண்டி, ஒரு பக்கம் நெல், நடுவில் கம்பை நட்டுக் காவல் இருக்கும் ஒரு அம்மா.

இந்த நேரத்தில்தான் தமிழக அரசு தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று 2022-ல் அறிவித்தது. ஒன்றுக்கு 3 கோடி ரூபாய். நல்ல திட்டம், சந்தேகமில்லை. டெல்டாப் பிள்ளைகள் ஓடுவதற்கு வாய்க்கால் கரையும் பைபாஸ் ரோடும்தான் கதி என்ற நிலை மாறட்டும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நிலம் இல்லாத வீட்டுப் பையனுக்கும் பெண்ணுக்கும் அது ஒரு நிஜமான வழி. வடசென்னைக்காரர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே ஒரு நல்ல குத்து ரயில்வே வேலையாகவோ போலீஸ் வேலையாகவோ மாறியிருக்கிறது.

ஆனால் கட்டும்போதே கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. நம் ஊர்களில் அரசு மைதானம் என்றால் என்ன நடக்கிறது? திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவார், கல்வெட்டு வைப்பார்கள். பிறகு ஒரு பூட்டு. சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. காலையில் நடைப்பயிற்சிக்கு மாதச் சந்தா கட்டிய பெரியவர்கள் வருவார்கள். காலில் செருப்பில்லாமல் வரும் பையன் சுவர் ஏறித்தான் குதிக்க வேண்டும். சுவர் ஏறினால் திருடன் என்பார்கள்.

குத்துச்சண்டை இதில் இன்னும் பின்னால் நிற்கும். 400 மீட்டர் ஓடுபாதைக்கு ஏக்கர் கணக்கில் இடம் ஒதுக்குவார்கள். ரிங்குக்கு வேண்டியது கயிற்றுக்குள் இருபது அடிச் சதுரம், நான்கு கயிறு, தொங்கவிட நாலைந்து மணல் மூட்டை, ஒழுகாத கூரை. கொஞ்சம் அகலமான மாட்டுக்கொட்டகை போதும்! இவ்வளவு குறைந்த இடத்தில் இவ்வளவு பேருக்குப் பயிற்சி கொடுக்கக்கூடிய விளையாட்டு வேறு அதிகம் இல்லை. பெண்களுக்கும்தான். 2012 ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதல்முறை சேர்ந்தபோதே மேரி கோம் பதக்கம் வாங்கிவிட்டார். ஆனாலும் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பெண் குத்துச்சண்டை கற்றுக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் சொன்னால், முதலில் வரும் கேள்வி "எதுக்கு?" இரண்டாவது, "எங்கே?" முதல் கேள்விக்கு அவள் பதில் சொல்லிக்கொள்வாள். இரண்டாவதற்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு.

ஒரு நிரந்தர ரிங் வேண்டும் என்று கேட்பதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. சென்னையில் நடந்தது அதுதானே? கொட்டகையில் ஆடிய விளையாட்டைக் கொட்டகையோடு சேர்த்துப் பிரித்துவிட முடிந்தது. கட்டடத்தைப் பிரிப்பது அவ்வளவு சுலபமில்லை.

இன்னொன்று சொன்னால் விளையாட்டு அதிகாரிகளுக்குக் கோபம் வரலாம். டெல்டாவில் கட்டும் அரங்குகளில் வாகனம் நிறுத்தவும் கேலரிக்கு முன்னாலும் சிமெண்ட் தளம் போடத்தான் போகிறார்கள். ஐப்பசியில் நாலு நாள் வெயில் அடிக்கும்போது அந்தத் தளத்தில் பக்கத்து ஊர் நெல் காய்ந்தால் என்ன கெட்டுவிடும்? ஓடுபாதையில் வேண்டாம், புல்தரையில் வேண்டாம். வெறும் சிமெண்டில். அந்தப் பருவத்தில் போட்டி ஒன்றும் நடக்காது, மழை. "ஸ்டேடியத்தில் நெல்லா?" என்று கேட்பவர்கள் கடன் தள்ளுபடிக் கோப்பில் எந்த மைதானத்தில் கையெழுத்தானது என்று நினைத்துப் பார்க்கட்டும். களத்தில் நெல்லும் உண்டு, சண்டையும் உண்டு என்று சொல்லிவைத்த மொழி இது.

ஆக டெண்டர் விடும்போதே எழுதிவிட வேண்டியது மூன்று நான்கு வரிதான். காலை ஐந்திலிருந்து எட்டு, மாலை நாலிலிருந்து எட்டு கேட் திறந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. கூரை போட்ட ஒரு ரிங், ஒரு பயிற்சியாளர், பெண்களுக்கு உடை மாற்ற ஓர் அறை. சாவி ஊராட்சியிடம் ஒன்று, பக்கத்துப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் ஒன்று. நெல் பருவத்தில் தளம் யாருக்கு எத்தனை நாள் என்று கொள்முதல் நிலையத்தில் ஒரு நோட்டு. வரும் ஜூன் 12-க்குள் என்று கெடு வைத்தால் இன்னும் நல்லது. டெல்டாவில் மேட்டூர் திறக்கும் தேதி மட்டும் யாருக்கும் மறக்காது.